நான்கு பெட்டியிலும் ஒரே இரைச்சல்

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம், என் காதைத் தவிர. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீதான் போனை எடுப்பதில்லையே. ஐந்து மாதமாக மணி அடித்து அடித்து ஓய்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தை நீ கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்குள் ஒரு வரியாவது கண்ணில் பட்டுவிடும் அல்லவா? அந்த ஒரு வரியை இங்கேயே எழுதிவிடுகிறேன். தப்பு என்னுடையது. உன் குரலிலும் ஒன்றுமில்லை, உன் சிவப்புப் பெட்டியிலும் ஒன்றுமில்லை.

இனிக் கிழிப்பதானால் கிழி. கிழிக்காவிட்டால் மேலே படி.

சித்தப்பா பேத்தி கல்யாணத்தில் நம் இருவரையும் பாடச் சொன்னார்களே, அங்கே பிடித்தது சனி. அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்து இட்டுக்கட்டிய அந்தப் பாட்டு, நீ ஒரு வரி நான் ஒரு வரி என்று மாறி மாறிப் பாடுவோமே, அதை ஆரம்பித்த மூன்றாவது வரியில் மைக் செத்தது. சாப்பாட்டுப் பந்தியில் நீ சொன்னாய்: "நம்ம ரெண்டு பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாதுண்ணா. வீட்லயே ரெக்கார்ட் பண்ணி வெச்சிடலாம்." நானும் பெரிய மனுஷனாகத் தலையாட்டினேன். மைக்கில் பாடுவதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோக நடுவில் ஒரு பெட்டி வேண்டும், ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று பெயர், விலை குறைந்ததிலேயே ஏகப்பட்ட ரகம் இருக்கிறது, அவசரப்படாதே, நான் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைச் சொல்கிறேன் என்றேன். நீ கேட்டாயா? ஒரே வாரத்தில் கடையில் இருந்ததிலேயே சல்லிசான சிவப்புப் பெட்டியை வாங்கி, பாடி, அனுப்பியும் விட்டாய். "அண்ணா, அனுப்பியிருக்கேன், கேளு" என்று ஒரே வரி. உண்மையைச் சொல்கிறேன், பாட்டைக் கேட்பதற்கு முன்பே எனக்குக் கோபம். முப்பத்தோரு வருஷம் ஃபேன் கம்பெனியில் சோதனை அறையில் நின்றவன் நான். வரிசையாக நாற்பது ஃபேன் சுற்றும், எதில் பேரிங் முனகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லி, சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன். கம்பெனியில் என் பெயரே 'காது'. அப்பேர்ப்பட்ட காதைக் கேட்காமல் நீயாக ஒரு பெட்டி வாங்குவதா?

அந்தக் கோபத்தோடு ஹெட்போனை மாட்டினேன். உன் முதல் வரி முடிந்தது, அவ்வளவுதான், 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல். பெட்டி வேறு நின்றுபோனது. நின்ற இடத்தில் 'டக், டக்' என்று என்னவோ ஆடுகிறது. ஒரு நிமிஷம்கூடக் கேட்கவில்லை, கழற்றி வைத்துவிட்டு உனக்குப் போன் போட்டேன். நீ என்ன ஆசையாக எடுத்தாய்! "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேண்ணா, அவரும் கேக்கறார், சொல்லு." நான் சொன்னேன். "பாம்பு சீறுது. பெட்டி நின்னு நின்னு போகுது. ஒயர் லூஸு. உன் தொண்டையும் முன்ன மாதிரி இல்ல, வயசாயிடுச்சு, இனிமே நமக்கெதுக்கு விடு." எவன் கேட்டான் அந்தக் கடைசி வாக்கியத்தை? நீ "சரிண்ணா" என்று வைத்துவிட்டாய். அந்த "சரிண்ணா" இன்னும் என் மார்பில் முள்ளாக நிற்கிறது.

அப்போது உறைக்கவில்லையே! தங்கைக்கு நல்ல பெட்டி எது என்று காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன். முதலில் கறுப்புப் பெட்டி. இரும்பு உடம்பு, இரண்டு மைக் துளை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு கைக்குக் கெட்டியாக இருந்தது, தூக்கினால் கனம். கனமாக இருந்தால் நல்லது என்பது ஃபேன் புத்தி. அதிலே 48 என்று ஒரு பொத்தான். சில மைக்குக்கு நாற்பத்தெட்டு வோல்ட் கரண்ட் அனுப்ப வேண்டுமாம். மைக்கை வாய்க்கிட்டே வைத்துக்கொண்டு பாடுகிறவன் என்ன ஆவான்? நான் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, எட்டி நின்று பாடினேன். கரண்ட் ஒன்றும் அடிக்கவில்லை, ஆனால் அதே 'ஸ்ஸ்ஸ்'. மாற்றிக்கொண்டு சாம்பல் நிறப் பெட்டி வாங்கினேன். சத்தம் மிஞ்சினால் சிவப்பு விளக்கு எரியும், எனக்கு இருமினாலே எரிந்தது. நான் 'அ' என்றால் ஹெட்போனில் 'அ' சற்றுப் பின்னால் வந்தது, யாரோ என்னைக் கேலி செய்வதுபோல. அதிலும் 'ஸ்ஸ்ஸ்'. மூன்றாவது நீலம், சோப்புப் பெட்டி அளவு. 'ஸ்ஸ்ஸ்'. நோட்டுப் போட்டு எழுதினேன்: எடை, திருகு, விளக்கு, இரைச்சல். இரைச்சல் என்ற இடத்தில் மட்டும் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெருக்கல் குறி.

பெட்டியில் இல்லையென்றால் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஃபிரிட்ஜை அணைத்தேன். திரும்பப் போட மறந்து இரண்டு நாள் பால் திரிந்தது. மாடிவீட்டுக்காரரிடம் போய்த் தண்ணீர் மோட்டாரை அரைமணி நேரம் நிறுத்தச் சொன்னேன், அவர் அன்றிலிருந்து என்னைப் படியில் பார்த்தால் சட்டென்று வாட்சைப் பார்க்கிறார். கடைசியில் மைக்கை அலமாரிக்குள் உன் அண்ணி புடவைகளுக்கு நடுவே வைத்து, தலையை உள்ளே விட்டுப் பாடினேன். அவள் பின்னால் வந்து நின்று, "இதுக்குப் பேருதான் ரிட்டயர்மென்ட்டா?" என்றாள். அலமாரிக்குள்ளும் 'ஸ்ஸ்ஸ்'.

போன வாரம் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே பழுது பார்க்கிற பெண் ஒருத்தி. அவள் ஹெட்போனில் கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்லையே சார்" என்றாள். நான் வாங்கி மாட்டிக்கொண்டு, "நல்லாக் கேளும்மா, சீறுது பார்" என்றேன். அவள் ஒயரைப் பிடுங்கினாள்.

"இப்ப?"

"இப்பவும்தான்."

பெட்டியை மேஜை டிராயருக்குள் போட்டு மூடினாள். "இப்ப?"

"அட, இன்னும் கேக்குதும்மா."

என் தலையிலிருந்து ஹெட்போனை மெல்ல எடுத்தாள். "இப்ப சார்?"

ஹெட்போன் அவள் கையில். கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூட மானம் போனதோடு போயிருக்கும். தண்ணீர் கொடுத்து, "இந்த விலைக்கு எல்லாப் பெட்டியும் ஏறக்குறைய ஒண்ணுதான் சார், மைக்கைக் கொஞ்சம் கிட்ட வெச்சுப் பாடினாப் போதும். ரெண்டு தடவை மாத்திக் குடுத்துட்டோம். ஆனா இந்தச் சத்தத்துக்கு நீங்க டாக்டர்கிட்டதான் போகணும்" என்றாள். போனேன். டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்து, "எங்க வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "நாற்பது ஃபேனா?" என்று மறுபடி கேட்டார். அந்த இரைச்சல் என் காதோடு பிறந்ததல்ல, வேலையோடு சம்பாதித்தது, இனிப் போகாது, பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். முப்பத்தோரு வருஷம் நான் பெருக்கல் குறி போட்ட ஃபேன்களில் எத்தனை நல்ல ஃபேனோ! அது போகட்டும், ஃபேனுக்கு மனசு நோகாது.

மாப்பிள்ளையை நேற்று அவர் ஆபீஸில் பிடித்தேன். "அவ துணி காயப்போடும்போதுகூட முணுமுணுக்கறதில்ல மச்சான். சிவப்புப் பெட்டியைத் துணி போட்டு மூடி வெச்சிருக்கா. வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார். எழுபது வயசு வரைக்கும் பாடியிருப்பாய், நான் ஒரு நிமிஷத்தில் வாயடைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு. நான் பாட்டுக்கு லாயக்கில்லாதவன், என் காதும் லாயக்கில்லாதது. நீலப் பெட்டியை அட்டையில் போட்டு, டேப் ஒட்டி, பரண்மேல் ஏற்றிவிட்டேன். நோட்டைக் கிழித்துவிட்டேன். இனி இந்த ஜென்மத்தில் மைக் முன்னால் நிற்க மாட்டேன், யார் பாட்டிலும் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். இது அம்மா மேல் ஆணை. நீ மட்டும் துணியை எடுத்துவிட்டுப் பாடு. எனக்கு அனுப்ப வேண்டாம். பதிலும் போட வேண்டாம். பாடினால் போதும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நீ நிறைவாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற,

உன் அண்ணன்.

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், உன் அண்ணி விடவில்லை. "மன்னிப்பு கேக்கறது இருக்கட்டும், அந்தப் பாட்டை ஒரு தடவை முழுசாக் கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. உட்கார்ந்து கேட்டோம், ஹெட்போன் இல்லாமல். இரைச்சல் இருந்தது, ஆனால் அது என்னுடையது என்று தெரிந்ததால் அதை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்க முடிந்தது. உன் முதல் வரி முடிந்து பெட்டி நின்றது. "பார், நிக்குது" என்றேன். உன் அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பெட்டி எங்க நின்னுது? அவ நிக்கறா. உங்க வரிக்கு." அப்போதுதான் புரிந்தது தங்கச்சி, அந்த 'டக், டக்'. ஒயர் இல்லை. நான் தாளம் தப்பிவிடுவேன் என்று மேஜையில் விரலால் தட்டிக் கொடுத்திருக்கிறாய். கடைசி வரைக்கும், பதினோரு இடத்தில், என் வரி ஒவ்வொன்றுக்கும் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாய். நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன.

பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டேன். பதினோரு வரியையும் பாடி, உன்னுடையதோடு சேர்த்து, உறைக்குள் பென்டிரைவில் வைத்திருக்கிறேன். அலமாரிக்குள் இல்லை, ஹாலில் நின்றே பாடினேன், ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கேட்டுவிட்டுப் போனை எடு.

இன்னொன்று. கடைசிச் சரணத்தில் உன் சுருதி ஒரு இழை இறங்கியிருக்கிறது. ஆணை ஞாபகம் இருக்கிறது, அம்மா மன்னிப்பாள், அவளும் அங்கே இறங்கித்தான் பாடுவாள். கோபித்துக்கொள்ளாதே. நானும் உன்கூடவே இறங்கிப் பாடியிருக்கிறேன்.