எலக்ட்ரிக் ஃபேன் மாட்டிக் கொடுத்த மச்சானுக்கு

மேல்பட்டாம்பாக்கம்
7-2-2009

கடலூர் முதுநகரில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மச்சான் கதிர்வேலுக்கு, உன் அக்கா புருஷன் ராஜமாணிக்கம் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா புஷ்பவள்ளியும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்றால், இல்லை. நீ அங்கே நலமாகத்தான் இருப்பாய், அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. போனில் பேசினால் "சிக்னல் இல்ல மாமா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுசாகப் படி.

என் அம்பாசிடரில் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு இரும்பு ஃபேன் இருந்தது. பெல்ட்டில் ஓடும். இன்ஜின் சுற்றினால் சுற்றும், நின்றால் நிற்கும். இருபத்து மூன்று வருஷமாக என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பொங்கலுக்கு வந்தவன் பொங்கலைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். பானெட்டைத் திறந்து பார்த்து, "என்னா மாமா, இது காலத்துக்கும் சும்மா சுத்தி டீசலைத் தின்னுது. எலக்ட்ரிக் ஃபேன் போட்டா இன்ஜினுக்குப் பாரம் கொறையும்" என்றாய். எதையாவது வீண் என்று சொன்னால் நான் விழுந்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். நல்ல இரும்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக்கில் ஒன்றை மாட்டிவிட்டுப் போனாய்.

நேற்று வெள்ளிக்கிழமை என் மகள் மதிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க நானும் உன் அக்காவும் சிதம்பரம் கிளம்பினோம். சம்பந்தி வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால்தான் சம்பந்தம் முடிந்தது, சாப்பிடாமல் திரும்பினால் முடியவில்லை என்பது உனக்குத் தெரியாததா? மதிக்கு இருபத்தெட்டு வயது. ஆறு வருஷமாக வந்து வந்து போன ஜாதகங்களில் அவளே வாய்விட்டு "சரிப்பா" என்று சொன்னது இந்த ஒன்றுதான். பத்தரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் வாசப்படி மிதித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் அப்பா கண்ணாயிரம் மூன்று தடவை போன் போட்டுச் சொல்லியிருந்தார். அதனால் ஏழரைக்கே கிளம்பினோம். நெல்லிக்குப்பத்தில் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டருங்க வரிசை கட்டி நிக்குது, நடுவில் என் வண்டி, ஒரு அடி போவதும் நிற்பதுமாக இருக்கையில் முன்னாலிருந்து புகை கிளம்பிச்சு பாரு! பானெட்டைத் திறந்தால் நீ மாட்டிய ஃபேன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிறது. கையில் தண்ணி இல்லை. சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, சீர்த்தட்டிலிருந்த தேங்காய்களை ஒவ்வொன்றாக உடைத்துத் தண்ணியை அதில் ஊற்றினேன். டிராக்டர்காரன் ஒருத்தன் எட்டிப் பார்த்து, "வண்டிக்குப் பூசையா பெரியவரே? சூடம் இல்லியா?" என்கிறான்! உன் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டீக்கடையில் குடம் வாங்கித் தண்ணி ரொப்பி, உருட்டிக்கொண்டு உன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் பூட்டு தொங்குது. பாண்டிச்சேரி போய்ட்டாராம் தொரை! போன் பண்ணினால் ஸ்விட்ச் ஆஃப். ஆலப்பாக்கத்தில் மறுபடி கொதிச்சுது, புதுச்சத்திரத்தில் மறுபடி. சிதம்பரத்தில் போய் நின்றபோது மணி பத்தே முக்கால். கண்ணாயிரம் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார். "ராவு காலம் பொறந்துடுச்சி. பன்னெண்டு வரைக்கும் அங்கயே இருங்க" என்றார். வெயிலில் காருக்குள் ஒண்ணேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பன்னிரண்டுக்கு உள்ளே கூப்பிட்டு மோர் மட்டும் கொடுத்தார். "கெளம்பும்போதே வண்டி தானா நிக்கிதுன்னா சகுனம் எனக்கு சரியாப் படல. சாப்பாட்ட அப்பறம் பாத்துக்கலாம்" என்றுவிட்டார். சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வருகிறது கதிர்வேலு, எழுந்து வந்தோம்.

வீட்டு வாசலில் மதி நின்றுகொண்டிருந்தாள். "சாப்புட்டீங்களாப்பா?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். நான் செருப்பைக் கழற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லைடா.

ஆகவே, இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே என் இரும்பு ஃபேனோடு வந்து மாட்டிவிட்டு, நேராகச் சிதம்பரம் போய், "சகுனம் ஒண்ணுமில்ல, தப்பு எம்மேல" என்று கண்ணாயிரம் முன்னால் சொல்லு. சொல்லவில்லை என்றால் என் வீட்டு வாசலை மிதிக்காதே. உனக்கும் உன் வீட்டாருக்கும் என் ஆசி உண்டு, உன் ஒர்க்‌ஷாப்புக்குக் கிடையாது.

இப்படிக்கு,
ரா. ராஜமாணிக்கம்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மதி இதை வாங்கிப் படித்தாள். "ஏம்ப்பா, நேத்து கெளம்பும்போது ஸ்டீயரிங் பக்கத்துல ஒரு சுவிட்ச்ச டக்குன்னு நிறுத்துனீங்களே, அது என்னா?" என்று கேட்டாள். எங்கேயோ ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது, எங்கள் மேல் காற்றே வரவில்லை, ஆள் இல்லாத இடத்தில் ஃபேன் எதற்கு என்று நிறுத்தினேன் என்றேன். வீட்டில் ரூம் ரூமாகப் போய் நான் தினமும் செய்கிற வேலைதானே? உன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஃபேனை மாட்டிய அன்று அந்தச் சுவிட்சைக் காட்டி "இத மட்டும் தொடாதீங்க மாமா" என்று நீ சொன்னதும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. மதி உடனே கண்ணாயிரத்துக்குப் போன் போட்டு, "மாமா, வண்டி தானா நிக்கல. எங்கப்பாதான் ஃபேன நிறுத்திட்டாரு" என்று போட்டு உடைத்துவிட்டாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "எங்க வூட்லயும் நான்தாம்மா நிறுத்துறது. மாசி வளர்பிறையில வர்ற மொத வெள்ளிக்கு எல்லாரையும் வந்து சாப்புடச் சொல்லு" என்றாராம். மதி போனை வைத்துவிட்டு அழுதாள், சிரித்தாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கு நீ வந்து வண்டியை ஓட்டு. நான் பின்சீட்டில் உட்காருகிறேன், உன் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வாளாம். வேறு கடிதம் எழுதினால் இந்தப் பேப்பர் வீண். அதனால் மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் படித்துக்கொள்ளவும்.