ரொம்ப விவரமான பிரார்த்தனை

எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாமல் போயிருந்தால் ஏழு நல்ல மனிதர்களுக்கு எவ்வளவோ உபகாரமாக இருந்திருக்கும். அடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஏழு பேரில் ஐந்து பேர் இன்று இல்லை. மீதி இரண்டு பேரைக் கேட்டால் அவர்களும் இதையேதான் சொல்வார்கள். (ஒருவர் இன்னும் கொஞ்சம் காரமாகச் சொல்வார். அவர் தமிழ்ப் பண்டிதர், வார்த்தைக்குப் பஞ்சமில்லை.)

என் அப்பா மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் சபையில் உபதேசியார். வீடு வீடாகப் போய் ஜெபிப்பதுதான் அவருடைய வேலை. போகிற வீட்டில் மாமியார், மருமகள், தொட்டில் பிள்ளை, சினைப்பசு என்று ஒன்று விடாமல் பேர் சொல்லி ஜெபிப்பார். "பேரு சொல்லாத ஜெபம் விலாசம் இல்லாத கார்டாக்கும் மக்கா. அது எங்க போய்ச் சேரும்?" என்பார். ஒரு வீட்டில் மூத்த மருமகனுடைய பேரை மறந்துவிட்டார் என்று அந்த மனிதன் மூன்று மாதம் கோயில் பக்கமே வரவில்லை. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். பன்னிரண்டு வயதிலேயே சபையில் எழுந்து நின்று கால் மணி நேரம் ஜெபிப்பேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உபதேசியார் மவனுக்கு ஜெப வரம் உண்டு" என்பார்கள். அந்த வரம் அன்றே தலைக்கேறிவிட்டது. இறங்க இருபது வருஷம் ஆயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எனக்கு நாகர்கோவிலில் ஒரு மிஷன் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் டியூட்டர் வேலை கிடைத்தது. புதுக் கோட்டு, புதுத் தலைப்பாகை, எதைப் பற்றியும் அபிப்பிராயம். அந்தச் சமயத்தில்தான், அப்போது மகாராஜா ஆண்டுகொண்டிருந்த எங்கள் சமஸ்தானத்துக்கென்று தனியாக ஒரு சர்வகலாசாலை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. அதுவரை எங்கள் பாடத்திட்டம், வினாத்தாள் எல்லாம் சென்னையில் தீர்மானமாகிக்கொண்டிருந்தன. இனி நம் ஊரிலேயே என்றதும் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் அந்தச் சர்வகலாசாலையை யார் ஆளுவது? அங்கேதான் இடித்தது. நிர்வாக சபையில் உட்காரப்போகிறவர்கள் எல்லாருமே சர்க்காரால் நியமிக்கப்பட்டவர்களாக இருப்பார்கள், வாத்தியார்கள் தேர்ந்தெடுத்து அனுப்ப ஓர் இடம்கூடக் கிடையாது என்று காதில் விழுந்தது.

எங்கள் கல்லூரியில் இதற்காகக் கவலைப்பட்டவர் மாசிலாமணி சார். கணித ஆசிரியர். இனயத்துக்காரர். ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுவார், கரும்பலகையில் கை வைத்தால் மட்டும் ராஜா. புதுச் சர்வகலாசாலையில் கணித ஆராய்ச்சிக்கென்று ஒரு துறை வரும், அதில் தனக்கு ஓர் இடம் கிடைக்கும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. பிரின்சிபாலும் அவர் பேரைச் சிபாரிசு செய்திருந்தார். அப்படிப்பட்டவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னையும் சேர்த்து ஏழு பேரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். மரச்சீனிக் கிழங்கும் கடியப்பட்டணத்துச் சாளை மீன் கறியும். (தமிழ்ப் பண்டிதர் நல்லபெருமாள் பிள்ளை சைவர். ஜன்னல் ஓரத்தில் மூக்கை வெளியே நீட்டியபடி கருப்பட்டிக் காப்பி மட்டும் குடித்தார்.) சாப்பாடு முடிந்ததும் மாசிலாமணி சார் ஒரு மனுவைப் படித்தார். நிர்வாக சபையில் பாதி இடத்துக்காவது ஆசிரியர்கள் வாக்குப் போட்டு ஆள் அனுப்ப வேண்டும், பாடத்தையும் பரீட்சையையும் பாடம் நடத்துகிறவர்களே தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் சாரம். மற்றக் கல்லூரிக்காரர்களும் கையெழுத்துப் போட்ட பிறகு எல்லாருமாகச் சேர்ந்து அனுப்புவது, அதுவரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று பேசிக்கொண்டோம்.

முதலில் யார் கையெழுத்துப் போடுவது என்ற கேள்வி வந்தது. முதல் கையெழுத்துக்காரன்தான் தலைவன் என்று ஆகிவிடும். அவன் தலைதான் உருளும். மாசிலாமணி சார் சிரித்துக்கொண்டே காம்பஸை எடுத்தார். மனுவின் அடியில் ஒரு வட்டம் போட்டார். "சுத்தி ஒப்புப் போடுங்க. வட்டத்துக்கு மொதலும் கெடையாது, கடைசியும் கெடையாது" என்றார். எட்டுப் பேரும் தாளைத் திருப்பித் திருப்பி வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்திட்டோம். என் கையெழுத்தின் மேல் கொஞ்சம் சாளைக் கறி பட்டது. அவ்வளவுதான் என் பங்கு என்று இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

அன்று முதல் தினமும் காலையில் முழங்கால் போட்டு அந்த மனுவுக்காக ஜெபித்தேன். அப்பா சொன்னபடி, பேர் சொல்லி. வட்டமாகக் கையெழுத்துப் போடலாம், வட்டமாக ஜெபிக்க முடியாதே. எங்கேயாவது தொடங்கத்தானே வேண்டும்? மரியாதைக்காக மாசிலாமணி சாரில் தொடங்கினேன். பத்து நாளில் அந்த ஏழு பேரும் வாய்ப்பாடு மாதிரி நாக்கில் ஏறிவிட்டார்கள்.

பதினோராம் நாள் தலைநகரிலிருந்து ஒரு குழு வந்தது. கல்லூரியைப் பார்வையிட, ஆசிரியர்களைச் சந்திக்க, புதுத் துறைகளுக்கு யார் யார் லாயக்கு என்று தெரிந்துகொள்ள. குழுத் தலைவர் ஜரிகைத் தலைப்பாகை வைத்த பெரிய அதிகாரி, பேச்சில் தேன் ஒழுகும். கூடவே ஒரு குமாஸ்தா. ஆசிரியர்கள் எல்லாரும் ஹாலில் வரிசையாக நின்றோம்.

எங்கள் கல்லூரியில் எந்தக் கூட்டமும் ஜெபத்தோடுதான் தொடங்கும். வழக்கமாக பிரின்சிபால் துரைதான் ஜெபிப்பார். அன்று பார்த்து அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. வரிசையை ஒரு தடவை பார்த்தார். என் ஜெப வரம் அவர் காதுக்கும் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டு, காற்றாகப் போன குரலில், "சுருக்கமாய் ஜெபியும், தம்பி" என்றார்.

சுருக்கமாய் என்ற சொல்லுக்கு எங்கள் குடும்பத்தில் அர்த்தம் தெரியாது.

கண்ணை மூடினேன். மகாராஜாவுக்காக ஜெபித்தேன். குழுவினருக்காக, அவர்கள் ஏறி வந்த மோட்டாருக்காக, அதன் டயர்களுக்காக ஜெபித்தேன். எங்கள் ரசாயனக் கூடத்தின் ஒழுகுகிற கூரையையும் கர்த்தருடைய கவனத்துக்குக் கொண்டுவந்தேன். ஹாலில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். குரல் தானாக உயர்ந்தது. சர்வகலாசாலைக்கு வந்தேன். அங்கே வந்ததும் நாக்கு, பத்து நாள் பழகிய மாடு தொழுவத்துக்குத் திரும்புகிற மாதிரி, தானாகத் திரும்பிற்று.

"இந்தச் சர்வகலாசாலையை ஆசிரியர்களே ஆளும்படிக்கு, வட்டமாய்க் கையெழுத்திட்ட உம்முடைய அடியார்களை நினைத்தருளும், ஆண்டவரே! முதலாவது, இந்த எண்ணத்தை எங்களுக்குள் விதைத்த உம்முடைய அடியான் மாசிலாமணியை..."

யாரோ இருமினார்கள். மனம் உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த பேர். இன்னும் இரண்டு இருமல். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்கள் வழக்கத்தில் ஓடுகிற பஸ்ஸைக்கூடக் கை காட்டி நிறுத்தலாம், ஜெபத்தை நிறுத்த முடியாது. நீண்டுபோகிற ஜெபத்தை அடக்க ஒரே ஒரு வழி உண்டு. பெரியவர் யாராவது நடுவில் உரக்க "ஆமென்" என்று சொல்லிவிட வேண்டும். பிரின்சிபால் அதைத்தான் செய்து பார்த்தாராம். மூன்று தடவை வாயைத் திறந்தாராம். காற்றுத்தான் வந்ததாம்.

இதற்குள் என் இடது கால் பெருவிரலில் ஏதோ பாரமாக ஏறிற்று. பக்கத்தில் நின்ற பண்டிதரின் செருப்பு. அவரே தன்னை மறந்துவிட்டார், இன்னும் இரண்டு நிமிஷம் ஜெபித்தால் ஞானஸ்நானத்துக்கே சம்மதித்துவிடுவார் என்று எனக்குப் பட்டது. "உம்முடைய மந்தையில் இல்லாவிட்டாலும் எங்கள் வட்டத்தில் இருக்கிற நல்லபெருமாள் பிள்ளையையும் ஆசீர்வதியும்!" என்றேன். செருப்பு இன்னும் அழுத்திற்று. ஏழு பேரையும் முடித்து, "பாவியாகிய அடியேனையும் தள்ளிவிடாதேயும்" என்று நிறுத்தினேன். ஜெபத்தில் தன் பேரைத் தானே சொல்வது அகங்காரம் என்று அப்பா கற்றுக்கொடுத்திருந்தார்.

கண்ணைத் திறந்தேன். குமாஸ்தா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டிருந்தார். குழுத் தலைவர் கைகுவித்து, புன்னகையோடு சொன்னார்: "ரொம்ப விவரமான பிரார்த்தனை."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலைகுனிந்து நன்றி சொன்னேன். (ஆமாம், நன்றி சொன்னேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.)

வெளியே வந்ததும் பண்டிதர் என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தார்.

"என்ன வே செய்துட்டீரு? ஒம்ம கால்ல ஏறில்லா நின்னேன்! ஒமக்கு ஒணர்ச்சியே கெடையாதா?"

"நீங்க உருகிட்டியன்னு நெனச்சேன், பிள்ளைவாள்."

"உருகத்தான் செய்தேன். ஈரக்கொல உருகிச்சு வே! நீங்க எல்லாரும் கண்ண மூடிட்டு நிக்கிய. நான் ஒருத்தன்தான் தொறந்துட்டு நிக்கேன். அந்தக் குமாஸ்தா ஒவ்வொரு பேரா எழுதுகான். ஒண்ணு, ரெண்டுன்னு நம்பரு வேற போடுகான்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாசிலாமணி சார் வேப்பமரத்தடியில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வரம் பெற்ற அதே வாய்தான். அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மொதல்ல எம் பேர எதுக்கு மக்கா சொன்ன?"

"மரியாதைக்கு, சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வட்டத்துல மரியாதை கெடையாது, கேட்டியா. அதுக்குத்தான் வட்டம் போட்டது" என்றார். பிறகு வகுப்புக்கு மணியடித்தது, போய்விட்டார்.

மனு போகவில்லை. செய்தி பரவி மற்றக் கல்லூரிக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். எங்களை யாரும் தண்டிக்கவும் இல்லை, கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவும் இல்லை. சில மாதம் கழித்துப் பட்டியல்கள் வந்தன. கணிதத் துறைக்கு வேறொருவர். பண்டிதருக்குப் பாடநூல் குழுவில் இருந்த இடம் போயிற்று. மற்ற ஐந்து பேருக்கும் ஏதோ ஒன்று கைக்கு வராமல் நழுவிற்று. மாசிலாமணி சார், "அது எப்பிடியும் கெடச்சிருக்காது. சவத்த விடு மக்கா" என்றார். நானும் அதை நம்பப் பார்த்தேன். ஆனால் அதே பட்டியலில் சரித்திரப் பாடக்குழுவில் ஒரு பேர் இருந்தது. தேவபாலன். நான்தான். "பாவியாகிய அடியேன்" என்று யாரைக் குறித்துக்கொள்வது? குமாஸ்தாவின் தாளில் இல்லாத ஒரே பேர் என்னுடையது.

வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன் என்று மாசிலாமணி சாரிடம் சொன்னேன். "போ. ஒருத்தனாவது உள்ள இருந்து பேசணும்" என்றார். போனேன். இரண்டாவது கூட்டத்தில் பாடக்குழுவுக்கு ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த ஆள் தேவையில்லை என்று ஒரு தீர்மானம் வந்தது. "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார்கள். மோட்டார் டயருக்காகக்கூட ஜெபித்தவன் நான். அன்று வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். இதற்கு மேல் அழகாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. பெரிய பிழை எது என்று கேட்டால், முந்தையது முட்டாள்தனம், இதுதான் பிழை. ஊர் சிரித்தது முந்தையதற்கு மட்டும்.

பல வருஷம் கழித்து மாசிலாமணி சார் ஓய்வு பெற்றார். அதே ஹாலில் பிரிவுபசாரம். முடிவு ஜெபத்துக்கு யார் என்ற பேச்சு வந்தபோது, "தேவபாலன் ஜெபிக்கட்டு" என்றார். ஹாலே வெடித்துச் சிரித்தது. பண்டிதர் எழுந்து இரண்டு நாற்காலி தள்ளிப்போய் உட்கார்ந்தார். எழுந்து போகிற என் கையை மாசிலாமணி சார் பிடித்தார்.

"பேரு சொல்லியே ஜெபி மக்கா," என்றார் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இந்த மட்டம் ஒன் பேரையும் சேத்துச் சொல்லு."

ஏழு பேரையும் சொன்னேன். எட்டாவது பேர் வந்தபோது தொண்டை அடைத்தது. பிரின்சிபால் துரைக்கு அன்று அடைத்ததைவிட மோசமாக. மாசிலாமணி சார்தான் "ஆமென்" என்று முடித்துவைத்தார்.

எங்கள் வீட்டில் இது இன்றுவரை ஓயவில்லை. கல்யாணம், காதுகுத்து எங்கே என்னை ஜெபிக்கக் கூப்பிட்டாலும் என் மனைவி எஸ்தர் பின்னாலிருந்து, "இஞ்ச பாருங்க, பேரு ஒண்ணும் வேண்டாம்" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு வரியில் ஜெபம் முடிந்துவிடும். எல்லாரும் ஆமென் சொல்லிச் சோற்றில் கை வைத்துவிடுவார்கள். நான் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்.

"மீன் ஆறுது" என்பாள் எஸ்தர். "லிஸ்டு முடிஞ்சா, இல்லியா?"

ஒரு பேர்தான் பாக்கி என்று கையைக் காட்டுவேன். அதைச் சொல்லத்தான் நேரமாகிறது.