செவ்வாயில்லை, வியாழன்

2016 மார்ச் 8, செவ்வாய்க்கிழமை காலை, வங்காலையில், ஓய்வுபெற்ற பஸ் சாரதி லோறன்ஸின் செருப்புகள் இரண்டும் குளிர்சாதனப் பெட்டிக்குள் மீன் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தன.

அவற்றை முதலில் கண்டது அவருடைய மனைவி எடித் அல்ல. கனடாவிலிருந்து வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்த மகன் கொன்ஸ்ரன்ரைன்தான். எடித் ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்தபடி மறுகையால் பெட்டியைத் திறந்தது பிழையாகப் போயிற்று.

"அம்மா, அதென்ன கறுப்பா?"

"கருவாடு மகன்."

"கருவாட்டுக்கு வார் இருக்கோ?"

எடித் கதவை அடித்துச் சாத்தினார். பயனில்லை.

"போன மாசம் தேத்தண்ணிக்குள்ள உப்பு. அதுக்கு முந்தி, கோயிலுக்குப் போறன் எண்டு வெளிக்கிட்ட அப்பா பக்கத்து ஊர் நானாட்டானில நிண்டவர். இப்ப செருப்பு. அம்மா, கொழும்பில ஒரு முதியோர் இல்லத்தில இடம் பாத்திருக்கிறன். ரெண்டுபேரும் அங்க போங்கோ. வீட்டைப் பூட்டுவம்."

"நான் போகமாட்டன்."

"அப்ப டொக்டரிட்டக் காட்டுங்கோ. வயசுக்குரிய மறதிதான் எண்டு அவை எழுதித் தந்தா நான் பிறகு வாய் திறக்கமாட்டன். இல்லையெண்டா அடுத்த மாசம் வந்து நானே கூட்டிக்கொண்டு போவன்."

யுத்தத்தில் இரண்டு தரம் இடம்பெயர்ந்து, இரண்டு தரமும் திரும்பி வந்து கூரை போட்ட வீடு அது. மூன்றாவது தரமும் எழும்பி ஓட, அதுவும் பெற்ற பிள்ளையே எழுப்பிவிட, எடித் ஆயத்தமாக இல்லை.

பக்கத்து வீட்டுப் பிரான்சிஸ்கா போன மாதம்தான் மன்னார் கிளினிக்குக்குப் போய் அந்த ஞாபகப் பரிசோதனையைச் செய்துவிட்டு வந்திருந்தாள். வேலியால் எட்டிப் பார்த்து எல்லாவற்றையும் ஒப்புவித்தாள்.

"வருசம் கேப்பினம், திகதி கேப்பினம், கிழமை கேப்பினம். பிறகு மூண்டு சொல்லுத் தருவினம். தேங்காய், கதிரை, விளக்கு. கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேப்பினம். நூறில இருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொல்லுவினம். கடைசியா மணிக்கூடு கீறவேணும். அவ்வளவுதான் அக்கா."

எடித்துக்கு நெஞ்சு லேசானது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்திலும், ஞாயிறுகளில் கோயிலிலும் படிப்பித்தவர் அவர். அவரிடம் ஞானோபதேசம் பாடமாக்காமல் அந்த ஊரில் எந்தப் பிள்ளையும் முதல் நன்மை என்கிற முதல் நற்கருணையை வாங்கியதில்லை. அவர் கேள்வியைக் கேட்டால், மூச்சு விடுவதற்குள் பதில் வரவேண்டும். ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அடுத்த கிளினிக் வருகிற செவ்வாய். செருப்பைக் கண்ட அன்று பின்னேரமே லோறன்ஸைக் கதிரையில் இருத்தினார்.

"என்ன வருசம்?"

"ரெண்டாயிரத்துப் பதினாறு, ரீச்சர்."

"ரீச்சர் எண்டு சொல்லாதேங்கோ. டொக்டர் என்ன நினைப்பா?"

"சரி ரீச்சர்."

"என்ன கிழமை?"

"செவ்வாய்."

"மூண்டு சொல்லு?"

"தேங்காய், கதிரை, விளக்கு."

ஒரு கிழமை முழுக்க, காலையும் மாலையும் இது நடந்தது. வேலிக்கு அப்பால் பிரான்சிஸ்கா சிரித்தாள். "என்ன எடித் அக்கா, அண்ணை முதல் நன்மைக்குப் போறாரோ?"

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் டொக்டர் இல்லை. ஏதோ கூட்டமாம். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். ஒரு கிழமையாக ஆணி அடித்ததுபோல் ஏற்றி வைத்த செவ்வாயை எடித் இனிப் பிடுங்கவேண்டும்.

வியாழக்கிழமை பஸ்ஸில் லோறன்ஸ் சாரதிக்குப் பின்னால் இருந்துகொண்டார். "தள்ளாடிச் சந்தி வளைவு வருது. கியரைக் குறையும் தம்பி," என்றார். சாரதி குறைத்தான். அந்த வீதியில் ஒரு குழியைக்கூட அவர் மறந்திருக்கவில்லை. எடித் அவருடைய தோளைத் தட்டினார்.

"இஞ்ச பாருங்கோ. என்ன கிழமை?"

"செவ்வாய்."

"செவ்வாயில்லை, வியாழன்! சொல்லுங்கோ."

பாலம் தாண்டி மன்னார்த் தீவுக்குள் பஸ் ஏறும்வரை அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

டொக்டர் நசீறா சிலாவத்துறைக்காரி. இளம் வயது. அமைதியான குரல்.

"ஐயா, இண்டைக்கு என்ன கிழமை?"

"செவ்வாயில்லை, வியாழன்."

டொக்டரின் பேனா நின்றது. "செவ்வாய் எண்டு யாரு சொன்னது?"

"சொல்லக்கூடாதாம்."

மூலையில் இருந்த எடித் இருமினார். டொக்டர் தாளைப் பார்த்தார். "சரி. இனி நான் மூணு சொல்லு—"

"தேங்காய், கதிரை, விளக்கு."

"ஐயா, நான் இன்னும் சொல்லவே இல்ல!"

"தொண்ணூத்திமூண்டு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது..." லோறன்ஸ் அதற்கடுத்த கேள்விக்கும் போய்விட்டார்.

டொக்டர் எடித்தைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஐயோ, இல்லை டொக்டர். இவர் வீட்டில சும்மா இருக்கேக்க இப்பிடித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்."

"சும்மா இருந்து தேங்காய், கதிரை, விளக்கு எண்டு சொல்லுவாரா? எவ்வளவு காலமா?" டொக்டர் அதைக் குறிக்கப் போனார்.

எடித் பாய்ந்து மேசையில் கையை வைத்தார். "எழுதாதேங்கோ! பொய். நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

டொக்டர் பெருமூச்சு விட்டார். "ரெண்டுபேரும் வெளிய இருங்க. நான் சொல்லுகளை மாத்தப்போறேன். ஐயாவைக் கடைசியாக் கூப்பிடுறேன். தனியாத்தான் வரணும்."

வெளியே நீள வாங்கில் பத்துப் பன்னிரண்டு கிழடுகள் காத்திருந்தார்கள். அறைக்குக் கதவு இல்லை, சீலைத் திரைதான். நானாட்டானில் வயல் செய்யும் யோகராசா உள்ளே போனார். டொக்டரின் குரல் தெளிவாகக் கேட்டது. "மாடு, ஏணி, உப்பு."

எடித் நிமிர்ந்தார். கொழும்பு இல்லத்தின் கதவு கண்ணுக்கு முன்னால் திறந்து கிடந்தது. லோறன்ஸின் காதுக்குள் குனிந்தார்.

"மாடு, ஏணி, உப்பு. சொல்லுங்கோ."

"தேங்காய், கதிரை—"

"தேங்காயை விடுங்கோ! மாடு!"

முப்பது வருடக் குரல் மெதுவாகச் சொல்லிப் பழகியதில்லை. இரண்டாம் தரம் பக்கத்தில் இருந்த கிழவியும் சொன்னாள். வாங்கில் பாதிப்பேர் வங்காலை, பேசாலைக் கத்தோலிக்கர். செபமாலையில் ஒருவர் முன்பாதியைச் சொன்னால் பின்பாதி அவர்களுக்குத் தானாக வாயில் வரும். நாலாம் தரம் எடித் "மாடு" என்றதும், முழு வாங்கும் ஒரே இழுவையில் "ஏணி, உப்பு" என்றது.

தாதி அன்ரோனெற் ஓடிவந்தாள். லோறன்ஸ் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அப்படியே கூப்பிட்டாள். "ரீச்சர், மெதுவா! டொக்டருக்குக் கேக்குது."

யோகராசா வெளியே வந்தார். முகம் கறுத்திருந்தது. "இதை முந்தியே படிப்பிச்சிருக்கக்கூடாதோ ரீச்சர்? நான் ஏணியை விட்டிட்டன்."

அதற்குப் பிறகு போன ஒருவரும் ஏணியை விடவில்லை. உப்பையும் விடவில்லை. ஆறாவது ஆளும் முழுப் புள்ளி எடுத்தபோது டொக்டர் நசீறா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"மன்னாரில ஒருத்தருக்கும் மறதி இல்லையா?"

ஒருவரும் அசையவில்லை. கடைசியில் இருந்த காது கேளாத கிழவர் மட்டும், தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றார். "மாடு, ஏணி, உப்பு."

டொக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

லோறன்ஸின் முறை வந்தது. தனியாகப் போனார். எடித் திரையை மட்டும் பார்த்துக்கொண்டு, தெரிந்த செபம் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. டொக்டர் இப்போது மெதுவாகக் கதைத்தார்.

நெடுநேரம் கழித்துத் தாதி லோறன்ஸை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் எடித்தை உள்ளே கூப்பிட்டார்.

"இருங்க. உங்கள்ல எனக்குச் சரியான கோவம்தான். ஆனா ஒண்டு சொல்லணும். அந்த மறதி வருத்தம் வந்தவங்களுக்குப் புதுசா ஒண்டும் லேசில தங்காது. ஐயா வாங்கில இருந்து மூணு சொல்லைப் புதுசாப் பாடமாக்கிட்டார். அஞ்சு நிமிசம் கழிச்சும் சொன்னார். கழித்தல் சரி. மணிக்கூடும் வடிவாக் கீறினார். இவ்வளவு செய்யிற ஆளை நான் எப்பிடி வருத்தக்காரர் எண்டு எழுதுறது?"

"அப்ப செருப்பு, டொக்டர்?"

"சைக்கிளை எங்க விட்டதெண்டு மறந்தா அது வயசு. சைக்கிள் என்னத்துக்கெண்டு மறந்தாத்தான் நாங்க பயப்படணும்."

"ஐயோ, செருப்பு என்னத்துக்கெண்டு அவருக்கு நல்லாத் தெரியும்."

டொக்டர் முதல் தரமாகச் சிரித்தார். வயதுக்குரிய இயல்பான மறதி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்.

எடித் அந்த இடத்திலேயே அதைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது. "சரி அம்மா. இனி இதைப்பற்றிக் கதைக்கமாட்டன். நீங்கள் வீட்டிலயே இருங்கோ."

எடித் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் என்ன சமைக்கலாம் என்று யோசித்தபடி வெளியே வந்தார். தாதி அன்ரோனெற் அவரைத் தேடித்தான் வந்துகொண்டிருந்தாள்.

"ரீச்சர், ஐயா வாசல்ல நிண்டுகொண்டு, 'ரீச்சர் வகுப்பு முடிச்சிட்டாவெண்டா என்னை விடுங்கோ பிள்ளை, நான் போகாட்டி வீட்டில எடித் தேடுவா' எண்டு சொல்லுறார். எடித் எண்டது ஆர், ரீச்சர்? அவற்ர மனுசியோ?"