ஃப்ளோரன்ஸ் தேவாலய வாசலில் என் பூட்ஸ்

எதையும் வீணாக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவளுக்கு மீந்துபோன சாம்பாரும் ஒன்றுதான், மீந்துபோன விசாவும் ஒன்றுதான். ஆபீஸ் பயிற்சிக்காக ஜெர்மனி போய் வந்ததில் என் ஐரோப்பா விசாவில் இன்னும் சில நாட்கள் பாக்கியிருந்தன. கெட்டுப்போவதற்குள் தீர்த்துவிட வேண்டுமே என்று ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஃப்ளோரன்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ஓவியங்களுக்கும் சிலைகளுக்கும் பேர்போன இத்தாலிய ஊர். (ஓவியம் பற்றி எனக்குத் தெரிந்தது, அதைச் சுவரில் மாட்டுவார்கள் என்பது மட்டும்.)

"தனியாவா?" என்றார் என் கணவர் முரளி. "இங்க துபாய்ல கராமாவுலேர்ந்து தேரா போறதுக்கே தப்பு மெட்ரோ ஏறுவ நீ."

"ஒரு பிரச்சினையும் இல்லாம போய்ட்டு வர்றேன், பாருங்க."

வாயை விட்டாயிற்று. இனி கைக்குட்டை தொலைந்தாலும் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

"அங்க பிக்பாக்கெட் ஜாஸ்தி. பாஸ்போர்ட்ட மட்டும் ஹேண்ட்பேக்ல வைக்காத," என்றார். வைக்கவில்லை. பக்கத்து ஃப்ளாட் ஷீலா அக்காவிடம் இரவல் வாங்கிய பூட்ஸ் முழங்கால் வரை வரும், எனக்குக் கொஞ்சம் பெரிது. வலது காலில் மிச்சமிருந்த இடத்தில் பாஸ்போர்ட் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை நன்றாகவே போனது. ஒவ்வொரு ஓவியத்தின் முன்னாலும் பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு நேரம் நின்றாரோ அவ்வளவு நேரம் நானும் நின்றேன்.

ஞாயிறு, ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் முன் வழியில் ஒரு தேவாலயம். எந்தச் சாமியானாலும் சாமிதானே என்று வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினேன். வேறு ஒரு செருப்புகூட அங்கே இல்லை. இந்த ஊரில் யாரும் சாமி கும்பிட வருவதில்லை போலிருக்கிறது என்று வருத்தப்பட்டேனே தவிர, சந்தேகப்படவில்லை. நம் ஊர்க் கோயில் வாசலில் செருப்பைக் காப்பாற்ற என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஒன்றை இடது தூண் ஓரமாக வைத்தேன், மற்றதை வலது தூணுக்குப் பின்னால் ஒளித்தேன். ஜோடி இல்லாத பூட்ஸை எவன் தூக்குவான்?

உள்ளே கண்ணை மூடி, "பாஸ்போர்ட்டோட பத்திரமா வீடு போய்ச் சேரணும்" என்று வேண்டும்போதுதான் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்பது உறைத்தது.

ஓடி வந்தேன். படிக்கட்டு வெறிச்சோடிக் கிடந்தது. கூட்டத்தைத் தூரமாகத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். துப்பாக்கி ஏந்திய இரண்டு ராணுவ வீரர்கள், அநாதையாக நின்ற என் இடது பூட்ஸை, குண்டாக இருக்குமோ என்று கிட்டே போகாமல் முறைத்துக்கொண்டிருந்தார்கள். தூணுக்குப் பின்னால் இருந்த வலதை அவர்கள் இன்னும் பார்க்கவில்லை. அதை நோக்கி நான் பாய்ந்ததும் ஒரு அதட்டல் கேட்டது. துப்பாக்கி ஒன்று லேசாக நிமிர்ந்தது. இரண்டு கைகளையும் தூக்கிவிட்டேன். வெறும் பாதத்துக்குக் கீழே கல் ஐஸாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, தூக்கிய கையிலிருந்த போனில் முரளியின் வீடியோ கால். கட்டைவிரல் பட்டு அது ஆன் ஆகிவிட்டது.

"ஆஹா, கோபுரம் என்ன அழகு! நல்ல ஆங்கிள். நீ எங்க, காணோம்?"

"பேசாம இருங்க. துப்பாக்கி காட்டுறாங்க."

"மியூசியத்துல அதுவும் வெச்சிருக்காங்களா?"

பயத்தில் எனக்கு இங்கிலீஷ் மறந்துபோய், துபாயில் டாக்ஸிக்காரர்களிடம் பேசும் ஹிந்திதான் வந்தது. "பாய்! ஜூத்தா மேரா ஹை! பாஸ்போர்ட் அந்தர் ஹை!" பூட்ஸ் என்னோடது, பாஸ்போர்ட் உள்ளே இருக்கு என்று கத்தினேன்.

வீரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கூட்டத்திலிருந்து பதில் வந்தது. "தீதி, ஹிலோ மத்!" அசையாதீங்க அக்கா என்றவர், செல்ஃபி ஸ்டிக் விற்கும் வங்கதேசத்துக்காரர். வீரர்களிடம் இத்தாலியனில் ஏதோ சொன்னார். ஒருவர் பூனை நடை நடந்து தூணுக்குப் பின்னால் போய், பூட்ஸை இரண்டு விரலால் தூக்கிக் கவிழ்த்தார். பாஸ்போர்ட் விழுந்தது. போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்டார்.

இரண்டையும் ஏன் தனித்தனியாக வைத்தீர்கள் என்று கேட்கிறார் என்றார் செல்ஃபி ஸ்டிக் விற்பவர்.

"திருடு போகாம இருக்கத்தான்," என்றேன்.

அதை அவர் மொழிபெயர்த்ததும் ராணுவம் சிரித்துவிட்டது. சிரித்த முகம் போனிலும் தெரிந்திருக்க வேண்டும். "யாரு அது?" என்று முரளி கேட்டதும் நான் போனை அணைத்துவிட்டு, பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, அழுதுகொண்டே பூட்ஸை மாட்டி, ஏர்போர்ட் ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

இப்போது எங்கள் வீட்டு வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும், என் பத்து வயது மகள் கதவைத் திறந்தபடியே, "ஆன்ட்டி, பாஸ்போர்ட் இருந்தா எடுத்துக்கோங்க" என்கிறாள். வந்தவர் முழிப்பார். முரளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்த இரண்டு வீரர்கள் அவர் வாயில் இப்போது ஒரு பட்டாளமாகிவிட்டார்கள். ஹெலிகாப்டர் வருவதுதான் பாக்கி. அதையெல்லாம் நான் மறுப்பதில்லை. காபி ஆற்றிக்கொண்டே சமையலறையிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் கத்துவேன்.

"தனியாத்தான் போனேன், தனியாத்தான் திரும்பி வந்தேன்! அதையும் சேத்துச் சொல்லுங்க!"