பின் அச்சு மாற்றக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று உலகத்துக்குத் தெரியாது. ஆனால் அவர் அவசரப்பட்டுவிட்டார் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். என் கணவர் பிறக்கும்வரை அவர் கொஞ்சம் பொறுத்திருந்தால், அந்தச் சக்கரத்துக்கு எந்த அச்சு பொருத்தம் என்பதை ஒரு குழு அமைத்து, எட்டுக் கூட்டம் கூட்டி, விவாதித்து முடிவு செய்திருக்கலாம். மனித குலம் கொஞ்சம் தாமதமாக முன்னேறியிருக்கும். ஆனால் முறைப்படி முன்னேறியிருக்கும்.

என் கணவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவு அதிகாரி. அது வயிற்றுப்பாட்டுக்கு. அவருடைய உண்மையான பணி எங்கள் சாப்பாட்டு மேஜையில் நடக்கிறது. அங்கே ஒரு 'ராக் கிராலர்' குடியிருக்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது ரிமோட்டில் ஓடும் ஒரு முழ நீள வண்டி. பெரிய சக்கரம், அதைவிடப் பெரிய மரியாதை. வேகமாகப் போகாது, வேகம் அதன் கௌரவத்துக்குக் குறைவு. பாறை மேல் ஆமையாக ஏறும். ஏறியதும் இறங்கும். இறங்கியதும் அதன் அச்சுகளைக் கழற்றிவிட்டு வேறு அச்சுகளை மாட்ட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. நான் கேட்டேன்.

"இந்த ஆக்ஸில் அகலம் பத்தலை," என்றார்.

அடுத்த மாதம் அகலமானது வந்தது. "இது அகலம் ஜாஸ்தி," என்றார். அதற்கடுத்த மாதம் வந்தது நடுத்தரம். அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கேரக்டர் இல்லை," என்றார். கல்யாணத்துக்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை. பத்து நிமிடத்தில் சரியென்று சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்ட பணியை ஒருவரே சுமப்பது நியாயமில்லை என்பதால் 'பின் அச்சு மாற்றக் குழு' உருவானது. கணவர் தலைவர். என் தம்பி துணைத் தலைவர். தலைவர் சொல்வதற்கெல்லாம் "கரெக்ட் மாமா" என்பது அவன் துறை. மாடி வீட்டுப் பல் டாக்டர் தொழில்நுட்ப ஆலோசகர். சின்ன இடத்தில் சின்னக் கருவியை விட்டு நோண்டிய அனுபவம் குழுவில் அவருக்கு மட்டும்தான் உண்டு. கையெழுத்து நன்றாக இருப்பதால் நான் செயலாளர். டீ போடுவது செயலாளரின் பொறுப்பு என்கிறது விதி மூன்று. விதி ஒன்றும் இரண்டும் இன்னும் எழுதப்படவில்லை.

எங்கள் வீட்டில் இன்னோர் அச்சும் இருந்தது. அதைப் பற்றிக் குறிப்பேட்டில் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழ் எழுதுவது வழக்கம்.

இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து என் மாமியார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். மூன்று மாதம் முன்பு வாசற்படியில் இடித்து, அந்த நாற்காலியின் முன்பக்க இடது சக்கரத்தின் அச்சு வளைந்துவிட்டது. அன்று முதல் அது இடது பக்கம் மட்டுமே போகும். மாமியார் சமையலறைக்கு என்று கிளம்பினால் துணி துவைக்கும் இடத்தில் போய் நிற்பார். வலப்பக்கத்துப் படுக்கையறைக்குப் போக இடப்பக்கமாக முக்கால் வட்டம் அடிப்பார்.

"இது வீடா, ரவுண்டானாவா?" என்று போகிற போக்கில் கேட்பார்.

"அத்தை, இன்னும் ஒரு சுத்து. வந்துரும்," என்பேன்.

எங்கள் தெருவில் எதிர்க் கட்டடத்தின் தரைத்தளத்தில் அவருடைய தங்கை இருந்தார். அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. தெருவைத் தாண்ட முடியாது. ஆகவே அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு ஜன்னலில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்தபடியே ஃபோனில் பேசுவார்கள். இடையில் இருபதடி ரோடு. மூன்று மாதமாக இதுதான்.

இந்த நிலையில் தங்கையின் மகன் அவரைத் தன் ஊருக்கே கூட்டிப்போவதென்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற லாரி வரும். நானூறு கிலோமீட்டர்.

"அவ வீட்ல ஒரு தடவை உக்காந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டு வரணும்டா," என்றார் மாமியார் மகனிடம். "ஃபோன்ல பேசிப் பேசி எனக்கு அவ முகம் ஜன்னல் கம்பியோடதான் ஞாபகம் இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள இதைச் சரி பண்ணிருவியா?"

தலைவர் புண்பட்டுப்போனார். "அம்மா, ஆக்ஸில்தானே? என்கிட்டயா கேக்கறே?"

செயலாளர் என்ற முறையில் நான் ஒரு தவறு செய்தேன். சக்கர நாற்காலி பழுதுபார்க்கும் மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டேன். தலைவர் அவரை வாசலிலேயே நேர்முகத் தேர்வுக்கு உட்படுத்தினார்.

"எத்தனை வருஷ அனுபவம்?"

"இருபத்திரெண்டு வருஷம் சார்."

"ஒரு கம்பெனி சேஸிஸ்ல வேற கம்பெனி ஆக்ஸிலை மாட்டியிருக்கீங்களா?"

"இல்லைங்க சார். வளைஞ்சதை எடுத்துட்டு நேரா இருக்கறதைப் போடுவேன்."

"அவ்வளவுதானா?"

"அப்புறம் ஓடும் சார்."

தலைவர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். "வீட்ல ஒரு எக்ஸ்பர்ட்டை வச்சுக்கிட்டு, இவரையா கூப்பிட்டே?"

மெக்கானிக் நல்ல மனிதர். போகும்போது கொண்டுவந்த புது அச்சை, ஒரு சாண் நீள இரும்புக் கம்பியை, என் கணவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அது 'இதர' என்று எழுதிய பெட்டிக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. 'பொருள் பெறப்பட்டது, பரிசீலனையில்' என்று குறிப்பெழுதினேன்.

மெக்கானிக் போனபின் நானே மாமியாரைத் தள்ளிக்கொண்டு எதிர்வீட்டுக்குக் கிளம்பினேன். முழு பலத்தோடு வலது பக்கம் திருப்பினேன். நாற்காலி தன் கொள்கையை விடவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு சலூன். முடிதிருத்துபவர் துண்டை உதறிவிட்டு, "வாங்கம்மா, ரெண்டாவது நம்பர்," என்றார். மாமியார் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "வீட்டுக்குப் போயிடலாம்," என்றார்.

எட்டாவது கூட்டம் சனிக்கிழமை மதியம் கூடியது. மறுநாள் பதினொரு மணிக்குப் பாறையேற்றப் போட்டி. புதிய பின் அச்சு, இன்னொரு நிறுவனத்தின் தயாரிப்பு, வண்டியில் மாட்டப்பட்டுவிட்டது. மேலே அந்த நிறுவனத்தின் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. சோதனைக்காகக் கூடத்தில் பதினான்கு பாறைகள் அடுக்கப்பட்டிருந்தன. என் மாமியாரின் இடதுபக்கச் சுற்றுவட்டப் பாதை இவ்வாறாக நாட்டின் முன்னேற்றத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டது.

தலைவர் ரிமோட்டை அழுத்தினார். வண்டி உறுமியது. நடுங்கியது. நின்ற இடத்திலேயே நின்றது.

"பேட்டரியா இருக்குமோ?" என்றான் தம்பி.

"பேட்டரி புதுசு," என்றார் தலைவர்.

"கரெக்ட் மாமா. அப்ப பாறைதான்."

பாறை மாற்றப்பட்டது. வண்டி புதிய பாறையிலும் அதே உறுதியுடன் நடுங்கியது. படுக்கையறை வாசலில் சிறைப்பட்டிருந்த மாமியார் எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா, முன் சக்கரம் போறேங்குது, பின் சக்கரம் வரமாட்டேங்குதே?"

எல்லாரும் குனிந்து பார்த்தோம். உண்மைதான். முன் சக்கரங்கள் முன்னோக்கிச் சுற்றின. பின் சக்கரங்கள் பின்னோக்கிச் சுற்றின. வண்டி தன்னைத்தானே இரண்டாகக் கிழிக்கப் பார்த்தது.

பல் டாக்டர் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு அச்சின் வாயைத் திறந்து பார்த்தார். "இந்தக் கம்பெனி உள்ள பல்சக்கரத்தை எதிர்ப் பக்கம் வச்சிருக்கான். ஒண்ணும் பிரச்சினை இல்லை. ஆக்ஸிலைத் தலைகீழாத் திருப்பி மாட்டினா சரியாயிடும்."

தலைவர் தங்க எழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"தலைகீழா மாட்டினா," என்றார் தலைவர் மெதுவாக, "கம்பெனி பேர் கீழ போயிடுமே டாக்டர்."

"போகும். ஆனா வண்டி ஓடும்."

"பேர் யாருக்கும் தெரியாம ஓடி என்ன பிரயோஜனம்?"

வாக்கெடுப்பு நடந்தது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வண்டி ஓட வேண்டாம் என்று முடிவானது. செயலாளருக்கு வாக்கு கிடையாது. 'எதிரெதிர் விசைகளின் சமநிலை எட்டப்பட்டது' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

"நாளைக்குக் காலையில லாரி வந்துரும்டா," என்றார் மாமியார்.

"தெரியும்மா. போட்டி முடிஞ்சு வந்ததும் முதல் வேலை உன் வேலைதான்."

வட்டம் அடிக்க இடமில்லாததால் மாமியார் பின்னோக்கியே உள்ளே போனார். மறுநாள் உடுத்த வேண்டிய புடவையை அன்றே எடுத்துக் கட்டில்மேல் வைத்திருந்தார். அதைப் பார்த்தபின் எனக்கு டீ போட மனம் வரவில்லை. விதி மூன்று முதன்முறையாக மீறப்பட்டது. யாரும் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பதுக்குக் குழு புறப்பட்டது. பத்துக்கு எதிரே லாரி வந்தது. ஜன்னலில் மாமியார். எதிர் ஜன்னலில் தங்கை. இரண்டு பேரும் ஃபோனை எடுக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கைக்குப் பின்னால் பீரோ போனது, கட்டில் போனது, சுவர்க் கடிகாரம் போனது.

நான் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைத் தாண்டி ஓடினேன். சாமான் ஏற்றும் ஆட்களின் மேஸ்திரி கையில் பட்டியலோடு நின்றார்.

"அண்ணே, எங்க வீட்லருந்து ஒண்ணைத் தூக்கிட்டு வரணும்."

"லிஸ்ட்ல இருக்கறதைத்தாம்மா தூக்குவோம்."

"அப்ப எழுதிக்குங்க. அக்கா, ஒண்ணு."

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பேனாவை எடுத்து எழுதினார். "உடையற சாமானா?"

"ஏற்கெனவே ஒரு தடவை உடைஞ்சது."

"டேய், நாலு பேர் வாங்கடா. பாத்துத் தூக்கணும்!"

சக்கர நாற்காலி பாறைகளைத் தாண்டி வராது. ஆகவே மாமியாரைச் சாப்பாட்டு நாற்காலியில் உட்கார வைத்து, பதினான்கு பாறைகளுக்கும் மேலாக நாலு பேர் தூக்கிவந்தார்கள். தெருவில் இறங்கியதும் மாமியார் பதறினார். "மெதுவா நடக்காதீங்கப்பா. நாலு பேர் தூக்கிட்டுப் போறதைப் பாத்தா அக்கம்பக்கத்துல துக்கம் கேட்டு வந்துருவாங்க!"

நாலு பேரும் சிரித்துக்கொண்டே ஓட்டமாக ஓடினார்கள். இருபதடி ரோடு. இருபது விநாடி.

காலி வீட்டில் தங்கை ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அடுப்பைக் கட்டிவிட்டார்கள், ஃபிளாஸ்கில் டீ இருந்தது. அக்காவின் கையைப் பிடித்ததும், "என்னக்கா இப்படி இளைச்சுட்டே? ஜன்னல்ல குண்டாத் தெரிஞ்சியே," என்றார்.

"ஜன்னல் பெரிசுடி," என்றார் மாமியார். பிடித்த கையை இருவரும் விடவில்லை. நான் சாமான் எண்ணுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

டீ முடிந்தது. தங்கை சொன்னார்: "நீயும் வந்துடேன். பையன் வீட்ல எல்லாக் கதவும் அகலம். எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப அவருக்கு வாங்கின சக்கர நாற்காலி அங்க அப்படியே இருக்கு. எண்ணெய் போட்டு வச்சிருக்கான்."

"எந்தப் பக்கம் போகும்?"

"நாம சொல்ற பக்கம்."

மாமியார் என்னைப் பார்த்தார். மகனுக்கு ஃபோன் போடட்டுமா என்று கேட்கவில்லை. "நான் போகட்டுமாம்மா?" என்று என்னிடம் கேட்டார். போய் மாத்திரை, துணிமணி, கண்ணாடி எல்லாம் ஒரு பையில் எடுத்துவந்து கொடுத்தேன். இரண்டு மணிக்குத் தங்கை மகனின் கார் கிளம்பியது. அக்காவும் தங்கையும் பின்சீட்டில் ஒரே ஜன்னல் வழியாகக் கையாட்டினார்கள்.

ஐந்து மணிக்குக் குழு வெற்றி முழக்கத்தோடு திரும்பியது. போட்டியில் எல்லா வண்டிகளும் பாறையேறி, சறுக்கி, கவிழ்ந்தனவாம். எங்கள் வண்டியைப் பாறை உச்சியில் தூக்கி வைத்தார்களாம். அது நடுங்கிக்கொண்டு அங்கேயே நின்றதாம். கடைசிவரை கீழே விழாத ஒரே வண்டி என்று ஒரு சிறப்புக் கோப்பை.

"அம்மா! வந்து பாரும்மா!" என்று கோப்பையோடு உள்ளே ஓடினார் தலைவர். படுக்கையறை வரை போய்த் திரும்பிவந்தார். "அம்மா எங்கே?"

சொன்னேன். தம்பி கரெக்ட் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். டாக்டர் தனக்கு மாடியில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். தம்பியும் பின்னாலேயே நழுவினான்.

என் கணவர் வெகுநேரம் பாறைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து 'இதர' பெட்டியைத் திறந்தார். கம்பியை எடுத்தார். நாற்காலியைக் கவிழ்த்து, வளைந்ததை உருவி, நேராக இருந்ததைச் செருகி, நட்டை முடுக்கினார். பாறைகளை ஒவ்வொன்றாக ஓரம் தள்ளினார். நாற்காலியை மெல்லத் தள்ளிவிட்டார். அது படுக்கையறை வாசலிலிருந்து ஜன்னல் வரை, ஒரு விரல்கூட விலகாமல், நேராகப் போய் நின்றது.

"நேராப் போகுது பார்த்தியா?" என்றார். பார்வை எதிர்வீட்டுக் காலி ஜன்னலில் இருந்தது.

இப்பேர்ப்பட்ட மேதையின் சாதனையைப் பதிவு செய்யாமல் விடுவது செயலாளருக்கு அழகல்ல. குறிப்பேட்டை எடுத்தேன். 'சக்கர நாற்காலியின் அச்சு வெற்றிகரமாக மாற்றப்பட்டது. எடுத்துக்கொண்ட நேரம்: பதினொரு நிமிடம். காத்திருந்த நேரம்: தொண்ணூற்றிரண்டு நாள். வந்திருந்தோர்: தலைவர், செயலாளர். வராதவர்: தலைவரின் தாயார். காரணம்: தலைவர்.'

எழுதி முடித்து, கையெழுத்துக்காக அவர் பக்கம் நகர்த்தினேன்.