முயலக்கா நடத்திய தேர்தல்

மனிதர்களின் கருத்து எத்தனை நிமிடம் நிற்கும் என்று துல்லியமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் எங்கள் முயலக்காதான்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சிறிய தைலக் கம்பெனியில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா லேபிள் ஒட்டும் பிரிவு. புதுத் தலைவலித் தைலத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முயல் தோலில் தடவிப் பார்க்கப் போவதாக முதலாளி அறிவித்ததும் அக்கா கொதித்துவிட்டார். மதியச் சாப்பாட்டில் சீட்டு கொடுத்து ஓட்டெடுப்பு நடத்தினார். ஒன்று தவிர எல்லாச் சீட்டும் ‘தடவலாம்’. அந்த ஒன்று அவருடையது.

“முயலுக்கு என்னங்கக்கா, தலைவலியா வரப்போவுது?” என்றார் வேன் டிரைவர்.

“அதேதானுங்க நானும் கேக்கறேன். தலைவலியே வராததுக்கு எதுக்குங்க தைலம்?”

மறுநாள் பொள்ளாச்சியிலிருந்து கூடையில் ஒரு வெள்ளை முயலோடு வந்தார். முயலக்கா என்ற பெயரும் அன்றுதான் ஒட்டிக்கொண்டது. “குழம்புக்குங்களா?” என்று கேட்ட சமையல்காரருக்கு ஒரு முறைப்பு கிடைத்தது. முயல் மேஜையில் உட்கார்ந்து டிரைவரின் கேரட் பொரியலை முழுக்கத் தின்றது. மறுபடி ஓட்டு. எல்லாச் சீட்டும் ‘வேண்டாம்’. டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதலாளி விடவில்லை. “செரிங்க, அப்ப யாரு நெத்தியில தடவிப் பாக்கறது?”

மொத்தக் கூட்டமும் மெதுவாகத் திரும்பி முயலையே பார்த்தது.

“எல்லாரும் நல்லா இருங்க” என்று சொல்லி, அக்கா டப்பாவைத் திறந்து தன் நெற்றியில் அப்பிக்கொண்டார்.

நாலு மணி டீக்குள் நெற்றி பன்னாக உப்பி, கண் இரண்டும் மூடிக்கொண்டன. ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குப் பேச்சு நிற்கவில்லை.

“அம்மணி, முயலா இருந்தா இந்த எரிச்சல யாருகிட்டச் சொல்லும்? எனக்கு வாய் இருக்குதல்ல?”

“அதுவும் வீங்கிப்போச்சுங்கக்கா. கொஞ்சம் சும்மா வாங்க.”

பின்னாலேயே முதலாளி வேர்த்து விறுவிறுத்து வந்தார். “அத்தனையும் கீழ ஊத்திப்போட்டேனுங்க. இனிக் காச்சுனா மொதல்ல என்ர நெத்திதானுங்க” என்றார். சொன்னபடியே செய்தார், அடுத்த தைலத்துக்கு அவர் நெற்றி லேசாகச் சிவந்ததோடு சரி.

அன்று ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய நர்ஸ் என்னிடம், “நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

கூட வேலை செய்கிறவள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். “தங்கச்சிங்க” என்று வந்துவிட்டது.

கண் திறக்க முடியாத அக்கா, துழாவித் துழாவி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.