டை அண்ணையும் பத்துப் பெடியளும்

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்த தமிழர்களில், பாஸ்போர்ட்டைப் பற்றியோ பொலிஸ் பதிவைப் பற்றியோ ஒரு நிமிடமும் கவலைப்படாமல், வெளிறிப்போன பிளாஸ்டிக் யானைக்கு எந்த நீலம் பொருந்தும் என்று மட்டுமே கவலைப்பட்ட மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவரை நாங்கள் டை அண்ணை என்று கூப்பிட்டோம். பெயரைக் கேட்டுவிட்டு, கழுத்தில் டை கட்டிய கனவான் ஒருவரை எதிர்பார்த்து வந்தவர்கள் பலர். அவர்கள் கண்டதோ, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு நின்ற ஐம்பது வயதுக்காரர் ஒருவரை. விரல் பத்தும் பத்து நிறம். அவருடைய டை கழுத்தில் இல்லை, வாளிக்குள் சாயமாக இருந்தது.

காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ராணி அக்காவின் லொட்ஜ் இருந்தது. பன்னிரண்டு அறைகள். பதினொன்றில் கனடாவுக்கோ சுவிசுக்கோ போகக் காத்திருந்த குடும்பங்களும், என்னைப் போல வேலைக்குப் போய்வந்த தனிக்கட்டைகளும். பன்னிரண்டாவதில் டை அண்ணை. அவர் ஒரு துணி ஆலையின் சாயப் பகுதியில் ஸ்டோர் கிளார்க். அங்கே மிஞ்சும் சாயத் தூள் அவரோடு அறைக்கு வந்துவிடும். வேறு யாராவது என்றால் அதை வைத்துச் சேலைக்கோ சட்டைக்கோ சாயம் போட்டிருப்பார்கள். அவருக்குத் துணியைக் கண்டால் பிடிக்காது.

"துணிக்கு ஆர் வேணுமெண்டாலும் சாயம் போடலாம் தம்பி. பிளாஸ்டிக்குக்குப் போடுறவன்தான் கெட்டிக்காரன்" என்பார்.

வேலைக்கும் ஆள் இருந்தது. ஊரை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் ஒன்றிரண்டு பழைய விளையாட்டுச் சாமான்கள்தான் மிஞ்சியிருந்தன. வெயிலில் வெளுத்த கார், எந்த மிருகம் என்று நிறத்தை வைத்துச் சொல்லமுடியாத ஒரு மிருகம். அவற்றை வாங்கிக்கொண்டு போய் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். கொதிநீரில் சாயத்தையும் ஒரு கரண்டி வினாகிரியையும் விட்டு, வெப்பமானி ஒன்றைத் தொங்கப்போட்டு, எலாம் மணிக்கூட்டை அரை மணித்தியாலத்துக்கு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருப்பார். மணி அடித்ததும் அகப்பையால் தூக்கினால் புத்தம் புதுச் சாமான். பிள்ளைகள் அதைக் கடையில் வாங்கியது என்றே நம்பினார்கள்.

எல்லாம் ஒழுங்காக வந்தது என்று சொன்னால் அது பெரிய புளுகு. ஒருமுறை சூடு கூடிப்போய், ஜீப் ஒன்று தவளையின் நிறத்தில் மட்டுமல்ல, தவளையின் வடிவத்திலும் வெளியே வந்தது. இன்னொரு முறை ராணி அக்காவின் சோற்றுப் பானையில் சிவப்புச் சாயம் காய்ச்சிவிட்டு, கழுவினேன் என்று சத்தியம் பண்ணினார். மத்தியானம் பானையைத் திறந்தால் ரோசாப்பூ நிறத்தில் சோறு. ராணி அக்கா அவ்வளவையும் கொட்டிவிட்டு எல்லோருக்கும் பாண் வாங்கிக் கொடுத்தார். "இண்டையோடை நீர் அறையைக் காலி பண்ணும்" என்றும் சொன்னார். அதை அவர் வாராவாரம் சொல்லுவார்.

எட்டாம் அறைப் பிள்ளையின் பாவை காலிரண்டும் கடும் நீலமாகவும் முகம் பழையபடி வெள்ளையாகவும் வந்தபோது, "என்ன அண்ணை இது?" என்று கேட்டேன்.

"பிளாஸ்டிக்குக்குள்ளையும் சாதி இருக்குது தம்பி. காலும் முகமும் வேறை வேறை சாதி. ஒண்டு சாயத்தை ஏற்கும். மற்றது கிட்டவும் விடாது."

யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் எதையெல்லாமோ விட்டுவிட்டு ஓடிவந்தோம். சாதி மட்டும் எங்களுக்கு முன்னாலேயே கொழும்புக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

இந்த மனிதருக்குச் சாயத்தால் ஒரு ஆபத்தும் வரவில்லை. வந்ததெல்லாம் வாயால். ஒருநாள் காலி வீதி பஸ்ஸில், பழைய சாமான்கள் நிறைந்த பையைச் சீற்றுக்குக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறார். "மே பேக் எக காகெத?" என்று கொண்டக்டர் கேட்டிருக்கிறார். பை யாருடையது என்று அர்த்தம். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம், கேட்கத்தானே செய்வார். இவர் உடனே, "மகே, மகே" என்று உரிமை கோரிவிட்டு, உள்ளே இருப்பதற்குச் சிங்களச் சொல் வாயில் வராமல், "பொம்மை, பொம்மை" என்றிருக்கிறார். சிங்களத்தில் குண்டுக்கு 'போம்ப' என்று பெயர்.

"எல்லாரும் இறங்கி ஓடிட்டினம் தம்பி" என்று வந்து சொன்னார். "இருவது வருசத்திலை அண்டைக்குத்தான் எனக்கு அந்த பஸ்ஸிலை இருக்க இடம் கிடைச்சது."

பையைத் தடியால் கிளறிப் பார்த்த ஆமிக்காரன் நல்லவனாக இருந்தபடியால் சிரித்துவிட்டு விட்டிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. இனிமேல் வெளியில் எங்கேயும் பொம்மை என்ற சொல்லையே எடுக்கக்கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மனிதர் சொன்ன சொல் கேட்டார். அதுதான் வினையாகிப் போனது.

வத்தளையில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்த அவருடைய நண்பர், கழித்துவிட்ட வாத்துகள் பத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். கிடைத்துவிட்டது என்று அறிவிக்க, காலி வீதியிலிருந்த கொமினிகேஷன் என்ற தொலைபேசிக் கடைக்கு நானும் அவரோடு போனேன். வெளிநாட்டு அழைப்புக்காக இருபது பேர் வரிசையில் நின்றார்கள். டை அண்ணை ரிசீவரை எடுத்து, வத்தளைக்குத் தொலைபேசி இல்லாமலே கேட்கக்கூடிய குரலில் தொடங்கினார்.

"பெடியள் பத்துப் பேரும் வந்து சேந்திட்டினம். ஓம், ஓம், என்ரை அறையிலைதான் இருக்கினம். நாளையிண்டைக்குக் கலரை மாத்தி வெளியிலை விடுறன். பிறகு ஒருத்தரும் அடையாளம் காணமாட்டினம்."

பொம்மை என்று சொல்லக்கூடாது என்பதற்காக அவர் கண்டுபிடித்த மாற்றுச் சொல் அது. அந்த நாட்களில் பெடியள் என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும், வடக்கில் துவக்கோடு நிற்பவர்கள் என்று. நான் திரும்பிப் பார்த்தபோது வரிசையில் ஒருவரும் இல்லை. கனடாவுக்கு எடுக்க இரண்டு மணித்தியாலம் காத்து நின்ற அம்மா ஒருவரும் குடையை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

மூன்றாம் நாள் விடிய ஐந்து மணிக்கு லொட்ஜைச் சுற்றி வளைத்தார்கள். மற்ற அறைகளில் அடையாள அட்டையைப் பார்த்ததோடு சரி. பன்னிரண்டாம் அறைக்குள் போனவர்கள் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது, பிஸ்கட் டின்களில் கலர் கலராகத் தூள், வெப்பமானி, றப்பர் கையுறை, எலாம் மணிக்கூடு, இவற்றோடு டை அண்ணையையும் கொண்டுவந்தார்கள். அவற்றை வரிசையாக மேசையில் வைத்துப் பார்த்தால் எனக்கே அவர்மேல் சந்தேகம் வந்தது.

அவர் கவலையெல்லாம் வேறு. ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்து, "தம்பி, அவையைத் தண்ணியிலை இருந்து எடுத்துத் துடைச்சு விடும்" என்றார். யாரை என்று பொலிஸ்காரர் கேட்பதற்கு முன் நான் உள்ளே ஓடிவிட்டேன்.

எட்டு மணிக்கு ராணி அக்காவும் நானும் பொலிஸ் ஸ்டேசனில் நின்றோம். அக்காவின் கையில் லொட்ஜின் பதிவுப் பத்திரம். என் கையில் ஒரு பை நிறைய வாத்து. ஒன்பது மணிக்கு வான் வரும், சந்தேகத்துக்குரியவர்களை அதில்தான் ஏற்றுவார்கள் என்று வாசலில் நின்றவர் சொன்னார். அப்படி ஏற்றப்பட்டவர்களைத் தேடித் தாய்மார் முகாம்களின் படலை படலையாக அலைந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். டை அண்ணைக்குத் தேடித் திரியவும் கொழும்பில் ஒரு சொந்தம் இல்லை.

உள்ளே இன்ஸ்பெக்டரும், மொழிபெயர்க்க ஒரு முஸ்லிம் கொன்ஸ்டபிளும் இருந்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்துக் கொன்ஸ்டபிள் நீளமான ஒரு பெயரை வாசித்தார். அது யார் என்று ராணி அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாரு அந்தப் பத்துப் பேரு?" என்று கொன்ஸ்டபிள் கேட்டார். "ஒழுங்கா பதில் செல்லுங்க."

"அந்தத் தம்பியின்ரை பையிலை இருக்கினம் சேர்" என்றார் டை அண்ணை.

நான் வாத்துகளை மேசையில் வைத்தேன். ஐந்து செம்மஞ்சள், ஐந்து இன்னும் வெள்ளை. இன்ஸ்பெக்டர் அவற்றையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை. பிளாஸ்டிக்குக்குத் துணிச் சாயம் பிடிக்குமா, அப்படியென்றால் இங்கேயே செய்துகாட்டு என்று சொல்லி, மேசையிலிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கோப்பை ஒன்றை அவர் பக்கம் தள்ளினார். மணி எட்டு இருபது.

டை அண்ணை கோப்பையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இது ஏலாது சேர். இந்தச் சாதி ஏற்காது" என்று திருப்பிக் கொடுத்தார்.

வாழ்நாளில் நான் ஒரு மனிதரை அடிக்க நினைத்தது அந்த ஒரு தடவைதான். அவரோ அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டி, இன்ஸ்பெக்டரின் சட்டைப் பையில் வந்து நிறுத்தினார். "அந்த வெள்ளைச் சீப்பைத் தரச் சொல்லுங்கோ. நைலோன். நல்லா ஏற்கும். என்ன கலர் வேணுமெண்டும் கேளுங்கோ."

கொன்ஸ்டபிள் தயங்கித் தயங்கிக் கேட்டார். இன்ஸ்பெக்டர் அதட்டலாக, "நில்" என்றார். வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த ராணி அக்கா ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டார். சிங்களத்தில் நில் என்றால் நீலம். டை அண்ணை மட்டும் நிதானமாக, சான்றுப் பொருளாக வைத்திருந்த நீல டின்னைத் திறந்தார்.

ஸ்டேசன் தேநீர்க் கேத்தலில் சீப்பு அவிந்தது. அரை மணித்தியாலம் நான் வாசலையும் கேத்தலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எலாம் அடித்தது. மேசைக்குக் கீழே யார் யார் போனார்கள் என்று சொல்வது மரியாதையில்லை. நானும் அங்கே இருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது டை அண்ணை சீப்பைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். நல்ல நீலம், ஒரு பல்லில்கூட வெள்ளை இல்லை. இன்ஸ்பெக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், துடைத்தார், பிறகு தலையை வாரினார்.

வான் வந்த சத்தம் கேட்டது. கொன்ஸ்டபிள் அதைப் பார்க்க வெளியே போனார். இன்ஸ்பெக்டர் பிணைத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, பேனையால் டை அண்ணையைச் சுட்டி, "ஓயாகே அய்யாத?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் மட்டும் போதுமானது. எங்கள் வீட்டில் ஐயா என்றால் அப்பா. இவர் உன் தகப்பனா என்று கேட்கிறார் என நினைத்தேன். இல்லை என்றால் மனிதருக்கு யாரும் இல்லை, வான் வாசலில் நிற்கிறது. ஊரில் உயிரோடு இருந்த என் சொந்த ஐயாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, "ஒவ் சேர்" என்றேன். காட்டிய இடத்தில் கையெழுத்தும் வைத்தேன். வான் வேறு இரண்டு பேரோடு புறப்பட்டுப் போனது.

திரும்பி வந்த கொன்ஸ்டபிள் தாளைப் பார்த்துவிட்டு, "ஒங்கட நாநாவா இவரு? மொகத்துல ஒத்துமையே இல்லையே" என்றார். அப்போதுதான் தெரிந்தது, சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன் என்று. மகனாகத் துணிந்தவன் தம்பியாக வெளியே வந்தேன்.

காலி வீதிக்கு வந்ததும் அப்பாடா என்று ஒரு தூணில் சாய்ந்துகொண்டேன். ராணி அக்கா அழுதபடியே, "இண்டையோடை நீர் அறையைக் காலி பண்ணும்" என்று தொடங்கி, "விடியத் தொடக்கம் ஒண்டும் சாப்பிட்டிருக்கமாட்டீர், கெதியா நடவும்" என்று முடித்தார்.

டை அண்ணை என் பக்கம் வந்து, "கையெழுத்து வைச்சால் உமக்குத்தானே தம்பி கரைச்சல். ஏன் வைச்சனீர்?" என்று கேட்டார்.

"சும்மா வாங்கோ அண்ணை" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ படிவங்கள் நிரப்பிவிட்டேன். உடன்பிறந்தவர்கள் என்ற இடத்தில் என் மூன்று அக்காமாரின் பெயர்களை எழுதி முடித்த பின்னும் கீழே ஒரு வரி வெறுமையாகக் கிடக்கும். அந்த வரியை நான் ஒருநாளும் கோடு போட்டு அடித்ததில்லை.